தார் போடும் முன் ஓடும் துடைப்ப வண்டி: நல்லதை எப்படி அடையாளம் காண்பது?

வேலை முடிந்து இரவு பதினொன்றரைக்கு மோட்டாரில் வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். முன்னால் ஆரஞ்சுக் கூம்புகள், மினுக்கும் அம்பு விளக்கு. ஒரு தடத்தை மூடிவிட்டுப் பழைய தாரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துத் தடத்தில் மெதுவாகக் கடக்கும்போதே முகத்தில் தூசி அடிக்கிறது. டயருக்கு அடியில் 'சரக்' என்று ஒரு சத்தம். ஹேண்டில் ஒரு நொடி ஆடுகிறது. எப்படியோ சமாளித்துவிட்டீர்கள்.

உங்களை ஆட்டியது குழியோ மழைத் தண்ணீரோ இல்லை, சிதறிக் கிடந்த சில கைப்பிடிச் சிறுகற்கள். அவற்றை அங்கே இல்லாமல் செய்ய ஒரு வண்டி இருக்கிறது. வயிற்றுக்கு அடியில் பெரிய உருளைத் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு தானே ஓடும் பெருக்கும் இயந்திரம் அது. வேலைத்தளத்தில் 'பவர் புரூம்' என்பார்கள்.

பேவர், ரோலர் போன்ற பெரிய இயந்திரங்களுக்கு நடுவில் இதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. "பெருக்குறதுதானே, எது வந்தாலும் சரி" என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், புதுச் சாலை எத்தனை ஆண்டு தாங்கும், தொழிலாளியின் நுரையீரலுக்கு என்ன ஆகும், நீங்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்வீர்களா ஆகிய மூன்றிலும் இந்த வண்டிக்குப் பங்கு உண்டு. அப்படியென்றால் நல்ல வண்டி எது, சுமாரான வண்டி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்ப்போம்.

பெருக்காவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

சாலையைப் புதுப்பிக்கும்போது முதலில் பழைய மேற்பரப்பைச் சுரண்டுவார்கள். பிறகு பெருக்குவார்கள். அதன்மேல் 'டேக் கோட்' எனப்படும் மெல்லிய தார்ப் பால்மத்தைத் தெளிப்பார்கள். பழைய அடுக்கையும் புது அடுக்கையும் பிடித்து வைக்கும் பசை அதுதான். கடைசியாகத்தான் சூடான தார்க்கலவை வரும்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். தூசி படிந்த மேசையில் ஸ்டிக்கர் ஒட்டினால் அது மேசையில் ஒட்டுமா, தூசியில் ஒட்டுமா? சாலையிலும் அதே கதைதான். பசை தூசியைப் பிடித்துக்கொள்ளும், சாலையைப் பிடிக்காது. சில நேரம் கலவையைக் கொண்டு வரும் லோரியின் டயரிலேயே பசை சுருட்டிக்கொண்டு போய்விடும். அடுக்குகள் சரியாக ஒட்டாத இடத்தில், வாகனங்கள் பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் மேலடுக்கு நழுவும். முதலில் பிறை வடிவ வெடிப்பு தெரியும். பிறகு தகடு தகடாகப் பெயரும். கடைசியில் குழி.

நம் நாட்டில் சாலைப் பணிகளுக்கு ஜே.கே.ஆர். வைத்திருக்கும் தர விதிகளும், டேக் கோட் தெளிக்கும் முன் மேற்பரப்பு தூசி தும்பு இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன.

எவ்வளவு குப்பை மிஞ்சும்? ஒரு சின்னக் கணக்கு

தடத்தின் அகலம் 3.5 மீட்டர். சுரண்டும் ஆழம் 50 மில்லிமீட்டர். நீளம் 1 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 175 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தார்க்கலவை சுமார் 2.4 டன் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 420 டன்.

சுரண்டும் இயந்திரம் இதில் பெரும்பகுதியை அதுவே கன்வேயர் வழியாக லோரியில் ஏற்றிவிடும். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. வெறும் 1 விழுக்காடு கீழே தங்கினாலும் 4.2 டன்! அதில் பெரிய கற்களும் இருக்கும், மாவு போன்ற பொடியும் இருக்கும். அதுவும் சுரண்டும் பற்கள் போட்ட கோடு கோடான பள்ளங்களுக்குள் உட்கார்ந்திருக்கும். நாலு பேர் கைத்துடைப்பத்தோடு ஓர் இரவுக்குள் முடிக்கிற வேலையா இது? அதனால்தான் இயந்திரம்.

எந்த வகை வண்டி?

கடையில் போய் "ஒரு பெருக்கும் வண்டி கொடுங்க" என்று கேட்க முடியாது. பொதுவாக மூன்று வகை உண்டு.

• ஓரமாகத் தள்ளும் வகை: முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் உருளைத் துடைப்பம் சாய்வாக இருக்கும். குப்பையை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளிக்கொண்டே போகும். வேகமானது, எளிமையானது, பராமரிப்பும் குறைவு. ஆனால் குப்பையை எடுக்காது, இடம் மட்டும் மாற்றும்.

• வாரி எடுக்கும் வகை: துடைப்பம் குப்பையை வாரி, வண்டியில் உள்ள தொட்டிக்குள் போட்டுவிடும். கற்களுக்கு நல்லது. தொட்டி நிரம்பினால் கொட்டப் போக வேண்டும்.

• உறிஞ்சும் வகை: துடைப்பம் கிளறிவிட, காற்று உறிஞ்சிக்கொள்ளும். நுண்ணிய தூசிக்கு இதுதான் சிறந்தது. விலையும் பராமரிப்பும் அதிகம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். முதல் வகை மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடுவார்கள். ஊருக்கு வெளியே, இரு பக்கமும் புல்தரையாக இருக்கும் கம்பத்துச் சாலைக்கு அது போதும். தள்ளினால் ஓரத்தில் விழும், பிறகு அள்ளிக்கொள்ளலாம்.

ஆனால் நகர நெடுஞ்சாலையில் நடுத்தடத்தை மட்டும் சுரண்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அது இரண்டு பக்கமும் 50 மில்லிமீட்டர் சுவர் உள்ள தொட்டி மாதிரி. தள்ளப்படும் குப்பை அந்தச் சுவர் ஓரத்தில் போய்க் குவியும். கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் சுவரைத் தாண்டி, வாகனங்கள் ஓடும் பக்கத்துத் தடத்தில் விழும். அங்கே யார் வருகிறார்கள்? நீங்கள்தான், உங்கள் கப்சாயில்.

மலேசியாவில் ஆண்டுதோறும் 6,000க்கும் அதிகமானோர் சாலை விபத்தில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூவரில் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். எல்லாவற்றுக்கும் சிறுகல் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு சக்கர வாகனத்துக்குக் கண்ணாடியில் ஒரு கீறல் போடும் அதே கல், இரண்டு சக்கர வாகனத்தைக் கவிழ்த்துவிடும். அதனால் நம் ஊரில் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, "எவ்வளவு வேகமாகப் பெருக்கும்?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "பெருக்கிய குப்பை எங்கே போகும்?"

விளம்பரத்தில் சொல்லும் அகலம் நிஜமா?

துடைப்பத்தின் நீளம் 2.4 மீட்டர், அதாவது 8 அடி என்று விளம்பரத் தாளில் போட்டிருக்கும். ஆனால் ஓரமாகத் தள்ளும் வண்டியில் துடைப்பம் சாய்ந்துதானே நிற்கிறது? சாயச் சாய, அது மூடும் அகலம் குறையும்.

30 டிகிரி சாய்வில் 2.4 மீட்டர் துடைப்பம் பெருக்குவது சுமார் 2.08 மீட்டர்தான். 3.5 மீட்டர் தடத்துக்கு இரண்டு முறை ஓடினால் போதும், ஒன்றன்மேல் ஒன்று படியவும் இடம் மிஞ்சும். அதையே 45 டிகிரி சாய்த்தால் கிடைப்பது சுமார் 1.7 மீட்டர். இரண்டு முறை ஓடினாலும் 3.4 மீட்டர்தான் ஆகும். நடுவில் ஒரு கோடு தப்பிவிடும். மூன்றாவது முறை ஓட வேண்டும்.

இரண்டு முறை ஓடுவதற்கும் மூன்று முறை ஓடுவதற்கும் நேரத்தில் பாதி மடங்கு வித்தியாசம். காலைக்குள் தடத்தைத் திறந்தாக வேண்டிய இரவு வேலையில் இது சின்ன விஷயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் "கொசைன் படிச்சு என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டிருப்பீர்கள். இதோ, இதற்குத்தான்.

துடைப்பத்தைப் பாருங்கள், அழுத்தத்தைப் பாருங்கள்

துடைப்ப இழைகள் இரண்டு விதம். ஒன்று பாலிபுரோபிலீன் என்ற பிளாஸ்டிக், இன்னொன்று எஃகுக் கம்பி. பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். பொடி, சிறுகல் இரண்டுக்கும் ஏற்றது. எஃகு இறுகிப்போன மண்ணையும் ஒட்டிக்கொண்ட கட்டிகளையும் பெயர்க்கும்; ஆனால் புதிதாகப் போட்ட தாரில் ஓட்டினால் மேற்பரப்பையே கீறிவிடும். இரண்டையும் கலந்து கட்டுவதும் வழக்கம். "எது நல்லது?" என்று கேட்காதீர்கள். "எந்த மேற்பரப்பில், எந்தக் குப்பை?" என்று கேளுங்கள்.

அடுத்தது அழுத்தம். பல ஓட்டுநர்கள் செய்கிற தவறு, துடைப்பத்தை நன்றாக அழுத்தினால் நன்றாகப் பெருக்கும் என்று நினைப்பது. உண்மை நேர்மாறானது. பெருக்குவது இழையின் நுனி. அழுத்தினால் இழை மடங்கி, அதன் விலாப்பக்கம் சாலையைத் தடவிக்கொண்டு போகும். பொடி பள்ளத்திலேயே இருக்கும். துடைப்பம் மட்டும் சீக்கிரம் தேயும்.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தூசி உள்ள சமதளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, துடைப்பத்தை இறக்கி, வண்டியை நகர்த்தாமல் அரை நிமிடம் சுழல விடுங்கள். பிறகு தூக்குங்கள். தரையில் சுத்தமான ஒரு பட்டை தெரியும். அதன் அகலம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீராக, சுமார் 50 முதல் 100 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. அதைவிட அகலமா? அழுத்தம் அதிகம். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல் என்றால் துடைப்பம் சாய்ந்திருக்கிறது அல்லது ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் பட்டை காணாமல் போனால் துடைப்பம் நடுவில் தேய்ந்துவிட்டது.

வாடகைக்கு வண்டி எடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரு காசு செலவில்லை.

தேய்மானத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. புதிதாக 80 சென்டிமீட்டர் விட்டம் உள்ள துடைப்பம் 50 சென்டிமீட்டராகத் தேய்ந்துவிட்டால், அதே சுழற்சியில் நுனியின் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். முதல் நாள் காட்டிய அதே வேலையை மூன்றாவது மாதம் எதிர்பார்க்க முடியாது. தேய்மானத்துக்கு ஏற்ப உயரத்தையும் சுழற்சி வேகத்தையும் ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே மாற்ற முடிகிறதா என்று கேட்பது அதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

கண்ணில் விழும் தூசியைவிட ஆபத்தானது கண்ணுக்கே தெரியாதது. சாலைக்குப் போடும் கற்களில் கருங்கல் ஒரு முக்கிய வகை. கருங்கல்லில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. கல் பொடியாகும்போது இதுவும் பொடியாகிறது. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோன். நுரையீரலின் ஆழம்வரை போகும் சிலிக்காத் துகள் 10 மைக்ரோனுக்கும் சிறியது. அது அங்கே தங்கித் தழும்பை உண்டாக்கும். அதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். வந்த பிறகு முழுமையாகக் குணமாக்க மருந்து இல்லை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997லேயே இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

மலேசியாவில் வேலையிடத்து இரசாயனப் பொருள்களுக்கான 2000ஆம் ஆண்டு விதிமுறைகள், சுவாசத்தில் போகும் குவார்ட்ஸ் தூசிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தன. அமெரிக்கா 2016இல் கொண்டுவந்த விதியில் வரம்பு அதில் பாதி: 0.05 மில்லிகிராம். தூசியை அதிகமாக்கும் இடங்களில், நனைத்துப் பெருக்கவோ உறிஞ்சவோ முடியும் என்றால் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது.

ஆகவே வண்டியில் தண்ணீர்த் தெளிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் போதாது:

• எல்லா நுனிக்குழாயும் வேலை செய்கிறதா? ஒன்று அடைத்திருந்தாலும் அந்த இடத்தில் புகை மாதிரி தூசி கிளம்பும்.

• தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? 600 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் 75 நிமிடம். அதற்குப் பிறகு தண்ணீர் எங்கிருந்து வரும்?

• தெளிப்பதைக் கூட்டிக் குறைக்க முடியுமா? இது முக்கியம். தண்ணீர் அதிகமானால் தூசி சேறாகிப் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். சேற்றின்மேல் டேக் கோட் தெளிப்பதும் தூசியின்மேல் தெளிப்பதும் ஒன்றுதான். பனித்துளி மாதிரி விழ வேண்டும், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி அல்ல.

ஓட்டுநரின் அறையையும் மறந்துவிடாதீர்கள். திறந்த இருக்கையில் முகக்கவசத்தோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கும், வடிகட்டிய காற்று வரும் மூடிய அறையில் இருப்பவருக்கும் சுவாசம் ஒன்றாக இருக்காது. "ஏர்கோன் எல்லாம் சொகுசு" என்று சொல்பவர்கள், அந்த வண்டியில் ஒரே ஒரு ஷிப்ட் உட்கார்ந்து பார்க்கலாம். இரவு வேலை என்பதால் துடைப்பம் தரையைத் தொடும் இடத்தில் விளக்கு, பின்னால் கேமரா, சுழலும் எச்சரிக்கை விளக்கு ஆகியவையும் இருக்க வேண்டும். துடைப்பம் நடுவில் இருக்கும் வண்டியில் ஓட்டுநர் அதைத் தன் இருக்கையிலிருந்தே பார்க்க முடிகிறதா என்றும் உட்கார்ந்து பாருங்கள்.

பேச்சு வேண்டாம், செய்து காட்டுங்கள்

விற்பனையாளர் தன் இடத்தில், காய்ந்த சிமெண்டுத் தரையில் ஓட்டிக் காட்டினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் தெரியும். நிஜமான சோதனை உங்கள் வேலைத்தளத்தில், அன்று சுரண்டிய மேற்பரப்பில், வழக்கமாக வேலை செய்யும் நேரத்தில் நடக்க வேண்டும்.

இப்படிச் செய்யலாம். 100 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி வழக்கமான வேகத்தில், சொன்ன எண்ணிக்கையில் ஓடட்டும். பிறகு தடத்தின் நடுவில் ஒன்று, இரு ஓரங்களில் இரண்டு என மூன்று இடங்களில் ஒரு சதுர மீட்டர் கட்டம் போடுங்கள். உள்ளே மிஞ்சியிருப்பதை வேக்குவத்தால் உறிஞ்சி எடை போடுங்கள். இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது எந்தக் கட்டத்தில் எத்தனை கிராம் மிஞ்சியது என்பதுதான் மதிப்பெண். ஓரக் கட்டங்களை விட்டுவிடாதீர்கள். சுமாரான வண்டிகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். பக்கத்துத் தடத்தில் எத்தனை கற்கள் விழுந்தன என்பதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

மலிவான வண்டி உண்மையில் மலிவா?

வாடகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். டீசல், துடைப்பம் மாற்றும் செலவு, தண்ணீர், ஓட்டுநர் சம்பளம், வாரிய குப்பையைக் கொண்டுபோகும் லோரி, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வண்டி தானே ஓடலாமா, இல்லை வேறொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டுமா என எல்லாவற்றையும் கூட்டி, அன்று சுத்தமான கிலோமீட்டர்களால் வகுக்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அது காத்திருப்பு. நடு இரவில் துடைப்ப வண்டியின் ஹைட்ரோலிக் குழாய் வெடித்துவிட்டது என்று வையுங்கள். பெருக்காமல் டேக் கோட் தெளிக்க முடியாது. டேக் கோட் இல்லாமல் பேவர் நகராது. பின்னால் லோரிகளில் ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் தார்க்கலவை காத்திருக்கும். அது ஆறிவிட்டால் சரியாக இறுகாது. ஆக, ஒரு சின்னக் குழாய்க்காக மொத்தக் குழுவும் நிற்கும். அந்த நேரத்தில் சூப்பர்வைசருக்கு இரண்டே வழி: வேலையை நிறுத்துவது, அல்லது "பரவாயில்லை, போடுங்க" என்று தூசியின்மேலேயே போட்டுவிடுவது. இரண்டாவது வழியின் விலையைச் சில ஆண்டுகள் கழித்து நாம்தான் கொடுப்போம்.

அதனால் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் கேளுங்கள்: உதிரிப்பாகம் இங்கேயே கிடைக்குமா? இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் மெக்கானிக் வருவாரா? துடைப்பம் மாற்ற எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

நான் வாங்கப் போவதில்லையே, எனக்கு எதற்கு?

உங்களில் சிலர் சிவில் படிக்கிறீர்கள். நாளைக்கு நீங்களே அந்தத் தடத்தில் தொப்பியும் மேலங்கியும் போட்டு நிற்பீர்கள். சிலரின் அப்பாவோ மாமாவோ இன்றிரவு அங்கே வேலை செய்கிறார். மற்றவர்கள் அந்த வழியாகப் போகிறவர்கள்.

போகும்போது மூன்றை மட்டும் கவனியுங்கள். வண்டிக்குப் பின்னால் தூசி மேகம் எழுகிறதா? பெருக்கி முடித்த இடத்தில் பள்ளங்கள் கருப்பாகத் தெரிகின்றனவா, சாம்பல் பூசிய மாதிரி இருக்கின்றனவா? திறந்திருக்கும் தடத்தில் கற்கள் கிடக்கின்றனவா? கற்கள் கிடந்தால் வேகத்தைக் குறையுங்கள், திடீரென்று பிரேக் போடாதீர்கள், வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பிறகு புகார் செய்யுங்கள். சாலைக் கோளாறுகளைப் படத்தோடு தெரிவிக்கப் பொதுப்பணி அமைச்சின் 'மைஜாலான்' செயலி இருக்கிறது.

புதுத் தார் போட்ட சாலை முதல் நாள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பளபளப்பாகத்தான் இருக்கும். அடியில் பெருக்கினார்களா இல்லையா என்பது அன்றைக்குத் தெரியாது. அடுக்கு பெயர்ந்து குழி விழும்போதுதான் தெரியும். அதனால் அதைப் பார்க்க வேண்டிய நேரம், தார் அதை மூடுவதற்கு முந்தைய அந்த அரை மணி நேரம்.